இரண்டு மணிக்கொரு முறை

கோயம்புத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் மலையேறி வருகிற
மாஸ்டர் ஒரு தாள் கொடுத்தார்:
ஜியு-ஜிட்சு பாய்க்கு வெளியே செய்ய வேண்டியவை.
நீச்சல். ஓட்டம். கெட்டில்பெல். யோகா.
ஓய்வு என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

குன்னூரில் டிசம்பர்.
குழாய்த் தண்ணீரில் முகம் கழுவுவதே
எனக்கு நீச்சல்.
கெட்டில்பெல் விலை கேட்டு,
கேட்டதற்கு வெட்கப்பட்டு வந்துவிட்டேன்.
ஓடினேன், பொய் சொல்லவில்லை, மூன்று நாள்
வண்டிச்சோலை ஏற்றத்தில்.
நான்காம் நாள் பனிமூட்டத்துக்குள்
மாட்டுக்கொட்டகை அளவு இருட்டு ஒன்று மூச்சுவிட்டது.
காட்டெருமை.
என் எடைப் பிரிவு இல்லை அது.
திரும்பி நடந்தேன், ஓடக் கூடாதென்று தெரியும்.
அத்தோடு ஓட்டம் முடிந்தது.

ரம்ஸியா தாளை நாலாக மடித்து
டீ கிளாஸுக்கு அடியில் வைத்தாள்.
வர்க்கி அடுமனையில்
விடிகாலை மூன்றிலிருந்து மாவு பிசைகிறவள்.
அந்த விரல்கள் என் காலருக்குள் நுழைந்தால்
கழுத்தும் மைதாதான்.

எனக்கு இரவுப் பணி. ஆண்கள் வார்டு.
பதினோராம் கட்டிலில் ஜோகி கவுடர்,
எண்பத்தாறு கிலோ, கேத்தி பக்கம் கேரட் போட்டவர்.
இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும்.
இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் போடாவிட்டால்
முதுகு புண்ணாகும்.
புரட்ட இருவர் வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது.
இரவில் இருப்பது நான், ஐம்பத்தொரு கிலோ.

முதலில் தோளைப் பிடித்து இழுத்தேன், பல வாரம்.
என் இடுப்புதான் போனது.
பிறகு ஒரு ஞாயிறு, ரம்ஸியா என்மேல் உட்கார்ந்திருக்க,
மாஸ்டர் சொன்னார்:
தள்ளாதே. ஊன்றுகிற கையை எடுத்துவிடு,
அந்தப் பக்கத்துக் காலையும்.
ஊன்ற இடமில்லாத உடம்பு தானே சாயும்.

அன்றிரவு பத்து மணிச் சுற்றில்
கவுடரின் தூரக் கையை மார்பின் குறுக்கே வைத்தேன்.
தூர முழங்காலை மடக்கி நிறுத்தினேன்.
ஒரு உள்ளங்கை தோளில், இன்னொன்று இடுப்பெலும்பில்.
கட்டிலோடு முழங்காலை ஒட்டிப்
பின்னால் சாய்ந்தேன், அவ்வளவுதான்.
வந்தார், கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்புவதுபோல,
முனகிக்கொண்டு, மொத்தமாக.

ஆனாலும் இது அதல்ல.
ரம்ஸியா எதிர்ப்பாள்,
எதிர்ப்பில் ஒரு கைப்பிடி இருக்கும்.
எதிர்க்காத எடைதான் கனமான எடை.
அதைப் புரட்டிப் புரட்டி மூச்சு நீண்டிருக்கிறது எனக்கு.
இதை எந்தத் தாளில் எழுதுவது.

தை பிறந்தும் உறைபனி விட்டபாடில்லை.
ஒரு நாலு மணிச் சுற்று.
பாதி புரட்டியிருந்தேன்.
அவருடைய வேலை செய்கிற கை
என் முன்கையில் தட்டியது. இரண்டு முறை.
மூளைக்குச் சேதி போகுமுன்
பிடி தளர்ந்து அவரை மெல்ல மல்லாத்தியிருந்தன
என் கைகள்.
பார்த்தால், தொடைக்கு அடியில் மூத்திரக் குழாய்
மடங்கி இழுபட்டிருந்தது.
நேராக்கினேன். கேட்டேன்.
கண்ணை மூடித் திறந்தார்.
மறுபடி.

தட்டினால் விட்டுவிட வேண்டும் என்று
அவருக்கு யார் சொன்னது?
சொல்லாமலே தெரியும்போல, வலிக்கிற உடம்புக்கு.

விடிந்தால் ஞாயிறு.
தாளில் எதெல்லாம் செய்தீர்கள் என்றார் மாஸ்டர்.
மாவு, என்றாள் ரம்ஸியா.
நான் ஒன்றும் சொல்லாமல் பெல்ட்டை இறுக்கினேன்.
மூன்றாவது ரவுண்டில் அவள் குறுக்கே விழுந்து
மார்போடு மார்பை அழுத்த,
வர்க்கி வாசம், அடுப்பை விட்டு வந்த சூடு,
யாரோ போர்வையை
கழுத்துவரை இழுத்துவிட்டதுபோல

தட்டுகிறது ஒரு கை. தோளில். இரண்டு முறை.
ஜெயித்துக்கொண்டிருக்கிறவள் தட்டுகிறாள்.
ஏய், தூங்கிட்டியா?